கூலிக்கு வந்தவர் கொடுத்த வாக்கு



கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினையாதே என்றும் சொல்லிக் கொடுக்கிறோம். இரண்டும் நல்ல பாடங்களே. ஆனால் வாக்கைப் பெற்றவர் பொய் சொல்லிப் பெற்றிருந்தால் என்ன செய்வது? உண்ட சோறு இன்னொருவரின் கண்ணீரில் வெந்தது என்பது உண்ட பின்னர் தெரியவந்தால் என்ன செய்வது? இந்தப் பாடத்தை வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நாம் பெரும்பாலும் நடத்துவதில்லை. வாழ்க்கையோ அந்தப் பாடத்திலேயே நம்மைப் பரீட்சிக்கின்றது.

அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் எங்கள் பங்கு மண்டபத்தில் இளைஞர் சிலரும் பெரியவர் சிலரும் கூடி ஒரு பழைய அமெரிக்கத் திரைப்படத்தைப் பார்த்தோம். குதிரை, துப்பாக்கி, பாலைவனம் என்று செல்லும் கௌபோய் படம். உங்களில் மூத்தவர்கள் இத்தகைய படங்களைப் படமாளிகைகளிற் பார்த்து மகிழ்ந்திருப்பீர்கள். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் உயர்தர வகுப்பில் படிக்கும் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "சுவாமி, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசியில அவை வாக்குத் தவறிப்போட்டினமல்லே? காசுக்கு ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காமல் விட்டது சரியோ?"

நல்ல கேள்வி. அன்றிரவு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. ஆகவே உங்களோடும் சேர்ந்து அதைச் சற்று ஆராய விரும்புகிறேன்.

நான்கு மனிதர்

படத்தின் பெயர் 'த புரொபெஷனல்ஸ்'. தொழில் வல்லவர்கள் என்று பொருள் கொள்ளலாம். 1966இல் வெளிவந்தது. பிராங்க் ஓறூர்க் எழுதிய நாவலொன்றைத் தழுவித் திரைக்கதை அமைத்து, தயாரித்து, நெறிப்படுத்தியவர் றிச்சார்ட் புறூக்ஸ். ஒளிப்பதிவு கொன்றட் ஹோல். இசை மொறிஸ் ஜார். நெறியாள்கை, திரைக்கதை, ஒளிப்பதிவு ஆகிய மூன்றுக்கும் ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டு, ஒன்றையேனும் பெறாத படம் இது.

கதை நிகழும் இடம் அமெரிக்க - மெக்சிக்கோ எல்லை; காலம் மெக்சிக்கோப் புரட்சியின் பிற்பகுதி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டைத் தன் பிடிக்குள் வைத்திருந்த போர்பீரியோ டியாசுக்கு எதிராக 1910இல் புரட்சி வெடித்தது. 1911இல் டியாஸ் நாட்டை விட்டு ஓடினார். அடுத்து ஆட்சிக்கு வந்த மடேரோ 1913இற் கொல்லப்பட்டார். வடக்கே பஞ்சோ வில்லாவும் தெற்கே சப்பாட்டாவும் ஏழைக் குடியானவர்களைத் திரட்டிப் போராடினர். 1917இல் புதிய அரசியலமைப்பு வந்தது. ஆயினும் 1919இல் சப்பாட்டாவும் 1923இல் வில்லாவும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த நெடிய போரில் எல்லை கடந்து சென்று, சிலர் கொள்கைக்காகவும் சிலர் கூலிக்காகவும் போரிட்ட அமெரிக்கர் உண்டு. அத்தகையோரே நம் கதையின் மாந்தர்.

கிராண்ட் என்ற பெருஞ் செல்வர் நான்கு பேரை அழைக்கிறார். தம் இளம் மனைவி மரியாவை, றாசா என்னும் மெக்சிக்கக் கொள்ளைத் தலைவன் கடத்திச் சென்று 100,000 டொலர் மீட்புப்பணம் கேட்பதாகச் சொல்கிறார். அவளை மீட்டு வந்தால் ஆளுக்கு 10,000 டொலர். நால்வரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

தலைவன் ஃபார்டன், ஆயுதங்களில் வல்லவன். லீ மார்வின் நடித்தார். டொல்வேத், வெடிமருந்து வல்லவன். நடித்தவர் பேர்ட் லங்காஸ்டர். ஏரன்கார்ட், குதிரைகளை அறிந்தவன். குதிரையை வதைத்த ஒருவனை அடித்து வீழ்த்தும் காட்சியிலேயே நாம் அவனைச் சந்திக்கிறோம். இவனாக வருபவர் றொபேட் றயன். நான்காமவன் ஜேக் ஷார்ப், தடம் பார்ப்பதிலும் வில்லெய்வதிலும் வல்ல கறுப்பினத்தவன். நடித்தவர் வூடி ஸ்ட்ரோட். ஒரு கறுப்பருடன் சேர்ந்து வேலை செய்ய யாருக்காவது மறுப்பு உண்டா என்று கிராண்ட் கேட்கிறார். ஃபார்டன் அதற்கு விடை சொல்லாமல், வேலை என்ன என்று மட்டும் திருப்பிக் கேட்கிறான். அமெரிக்காவில் இன ஒதுக்கலுக்கு எதிரான போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் வந்த படம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சிறு காட்சியின் பெறுமதி விளங்கும்.

இவர்கள் இளைஞர்கள் அல்லர். ஃபார்டனும் டொல்வேத்தும் ஒரு காலத்தில் வில்லாவின் படையில், இதே றாசாவின் தோளோடு தோள் நின்று போரிட்டவர்கள். ஃபார்டனின் மனைவியை அரச படையினர் சித்திரவதை செய்து கொன்றார்கள். புரட்சி மெல்ல மெல்ல மங்கியது, நம்பிக்கை தேய்ந்தது, தலை நரைத்தது. கை பழகிய தொழில் மட்டும் மிஞ்சியது. இப்போது அதை விலைக்கு விற்கிறார்கள்.

வாக்கும் வஞ்சகமும்

பாலைவனத்தைக் கடந்து நால்வரும் றாசாவின் முகாமை அடைகிறார்கள். இரவு. மறைந்திருந்து பார்க்கிறார்கள். கடத்தப்பட்டவள் என்று சொல்லப்பட்ட மரியா, றாசாவைத் தானாகவே அணைத்துக்கொள்கிறாள். அவள் கைதி அல்லள். அவர்கள் இருவரும் பழைய காதலர். கிராண்டுடனான மணவாழ்வை விட்டு அவளாகவே ஓடி வந்திருக்கிறாள். மீட்புப்பணம் என்று கேட்டதும் புரட்சிக்குப் பணம் சேர்க்கச் செய்த தந்திரமே. தாங்கள் ஏமாற்றப்பட்டதை அந்தக் கணத்திலேயே இருவரும் உணர்கிறார்கள்.

அப்படியிருந்தும் அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்! வெடி வைத்து, சுட்டு, பலரைக் கொன்று, கதறுகிறவளை இழுத்து வருகிறார்கள். ஏன்? ஒப்பந்தம் செய்தாயிற்று, வாக்குக் கொடுத்தாயிற்று. மற்றெல்லாம் போன பின்னர் ஃபார்டனிடம் எஞ்சியிருந்தது அந்த வாக்கு ஒன்றுதான். அதையும் இழந்தால் தான் யார் என்பதே அவனுக்குத் தெரியாமற் போய்விடும்.

தமிழராகிய நமக்கு இம்மனநிலை புதிதன்று. செஞ்சோற்றுக் கடன் என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறோம். கம்பன் காட்டும் கும்பகருணன் சீதையைச் சிறைவைத்தது தவறு என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னான். சொல்லிவிட்டு அந்த அண்ணனுக்காகவே போருக்குச் சென்று மாண்டான். கர்ணனும் அவ்வாறே. அவர்களுக்காக நம் நெஞ்சு உருகுகிறது. உருகட்டும். ஆனால் அசோகவனத்தில் இருந்த பெண்ணின் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தால் என்ன தோன்றும்? கும்பகருணன் தீர்த்த கடன், அவளுடைய சிறைவாசத்தின் மேல் ஏறிய வட்டியல்லவா?

வேதாகமத்திலும் இத்தகைய வாக்கு ஒன்று உண்டு. மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். விருந்தின் மயக்கத்தில் ஏரோது, நடனமாடிய சிறுமிக்கு எதைக் கேட்டாலும் தருவதாக ஆணையிடுகிறான். அவள் ஸ்நாபக அருளப்பரின் தலையைக் கேட்கிறாள். ஏரோது வருந்துகிறான், ஆயினும் விருந்தினர் முன்னிலையில் இட்ட ஆணையை மீற மனம் வராமல் தலையைக் கொய்விக்கிறான். வாக்குத் தவறாத மன்னன்தான்! இந்த வாக்குறுதியை யாராவது மெச்சுவாரா?

அந்தக் காட்சியில் நாம் கவனியாது விடும் ஆள் ஒருவர் இருக்கிறார். சிறைக்கூடத்துக்குச் சென்ற கொலைச் சேவகன். அவனுக்கு அருளப்பர்மேல் பகையில்லை. ஏவினார்கள், போனான், செய்தான், தட்டில் கொண்டுவந்து கொடுத்தான். அவன் ஒரு தொழில் வல்லவன். இதே அருளப்பரிடம்தான் முன்னொரு நாள் சேவகர் சிலர் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதாக லூக்கா எழுதுகிறார். யாரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், பொய்க் குற்றஞ் சாட்டாதீர்கள், உங்கள் சம்பளம் போதும் என்றிருங்கள் என்ற கருத்தில் அவர் விடை பகர்ந்தார். சம்பளம் வாங்குவதை அவர் பழிக்கவில்லை. ஆனால் சம்பளக்காரனுக்கும் மனச்சாட்சி உண்டு, எல்லை உண்டு என்றார். வாளோடு சிறைக்குள் வந்த சேவகன் அந்தப் போதனையைக் கேட்டிருந்தானோ, யாரறிவார்?

வாக்கு எப்போது கட்டாது?

புனித தோமஸ் அக்குவினாஸ் இதனைத் தமது இறையியல் நூலில் ஆராய்ந்திருக்கிறார். கொடுத்த வாக்கை நிறைவேற்றாதவன் எல்லாச் சந்தர்ப்பத்திலும் பொய்யன் ஆகமாட்டான் என்பது அவர் முடிபு. வாக்களித்த காரியம் தெளிவாகவே தகாதது என்றால் அது கட்டாது. அத்தகைய வாக்கைக் கொடுத்ததுதான் பாவம், விடுவதன்று. அன்றி, ஆட்களின் நிலையோ காரியத்தின் நிலையோ மாறிவிட்டாலும் அது முன்போற் கட்டாது. வாக்கு என்பது வெறுங் காற்றிற் பிறப்பதில்லை. இன்ன நிலைமை உண்மை என்று நம்பியே கொடுக்கிறோம். அந்த நிலைமையே பொய்யாக இருந்தால், வாக்குக்கு அடித்தளம் எங்கே?

படத்தின் முடிவும் இதனையே சொல்கிறது. மரியாவை எல்லைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். பின்தொடர்ந்த றாசாவை டொல்வேத் குறுகிய மலைக் கணவாயில் தனியே நின்று தடுத்து, காயப்பட்ட நிலையிற் பிடித்து வருகிறான். கிராண்ட் வருகிறார், வேலை முடிந்ததென்று மகிழ்கிறார். காயப்பட்டுக் கிடப்பவனைக் கொல்லும்படி தம் ஆளொருவனுக்குக் கட்டளையிடுகிறார். அந்தத் துப்பாக்கியை டொல்வேத் சுட்டு வீழ்த்துகிறான். நால்வரும் சேர்ந்து றாசாவை வண்டியில் ஏற்றி, மரியாவையும் உடன் அனுப்பி, மெக்சிக்கோவுக்கே திருப்பி விடுகிறார்கள். பேசிய பணம் போயிற்று. கடத்தல்காரனிடமிருந்து ஒரு பெண்ணை மீட்பதென்றுதான் ஒப்புக்கொண்டோம்; அந்தக் கடத்தல்காரர் நீரே என்று தெரிந்துகொண்டோம் என்பது அவர்கள் தரும் விளக்கம். கிராண்ட் முறைதவறிப் பிறந்தவன் என்ற பொருளில் ஏச, ஃபார்டன் மரியாதை குன்றாமல் பதில் சொல்கிறான்: எனக்கு அது பிறப்பில் நேர்ந்த விபத்து, நீரோ உமது சொந்த முயற்சியால் அந்நிலையை அடைந்தவர்.

ஆகவே தம்பியின் கேள்விக்கு முதல் விடை இது: அவர்கள் வாக்குத் தவறவில்லை. வாக்கின் எழுத்தை விட்டார்கள். அதன் பொருளைக் காப்பாற்றினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "நிலைமை மாறிவிட்டது" என்பது வாக்குத் தவறுவோர் எல்லோரும் சொல்லும் சாட்டு. கடன் வாங்கியவர் சொல்வார். பெண் பார்த்துப் பேசி முடித்த பின் சீதனம் போதாதென்று பின்வாங்கும் வீட்டார் சொல்வார். தனக்கு நட்டம் வந்தாலும் சொன்ன சொல்லை மாற்றாதவனைத் திருப்பாடல் போற்றுகிறதே, அதை மறக்கலாமா? ஆகவே ஓர் உரைகல் வேண்டும். வாக்கை விடுவதால் இலாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு என்று கேளுங்கள். விடுவதால் என் பணப்பை நிறையுமானால் நான் பத்துத் தரம் சந்தேகிக்க வேண்டும். விடுவதால் நான் இழந்து, எளியவர் ஒருவர் பிழைப்பாரானால் அங்கே மனச்சாட்சியின் குரல் இருக்கக்கூடும். நால்வரும் ஆளுக்குப் 10,000 டொலர் என்ற பேச்சை விட்டே குதிரை ஏறினார்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1969இல், சாம் பெக்கின்பா 'த வைல்ட் பஞ்ச்' என்ற படத்தை எடுத்தார். அதுவும் மெக்சிக்க எல்லை, அதுவும் வயது போன துப்பாக்கிக்காரர். அதிலும் றொபேட் றயன் நடித்தார்; இம்முறை, சிறையிலிருந்து விடுபடுவதற்காகப் புகையிரதக் கம்பனிக்கு வாக்குக் கொடுத்து, பழைய நண்பர்களையே வேட்டையாடும் மனிதன். அவனைப்பற்றி அந்த நண்பர்களிடையே தர்க்கம் எழுகிறது. வாக்கு வாக்குத்தான் என்கிறான் ஒருவன். யாருக்குக் கொடுத்தோம் என்பதே முக்கியம் என்கிறான் மற்றவன். இருவரிடமும் பாதி உண்மை உண்டு. யாருக்கு என்பதோடு, எதற்கு என்றும், அதனாற் பாதிக்கப்படுகிறவர் யார் என்றும் கேட்டாலன்றிக் கணக்கு முற்றுப்பெறாது.

படம் விரைந்து கடக்கும் இடங்கள்

நல்ல படம் என்பதற்காக நாம் கண்ணை மூடிக்கொள்ளத் தேவையில்லை. இரண்டு இடங்களை இப்படம் மிக விரைவாகக் கடந்து போகிறது.

ஒன்று, திருமணம். மரியா கிராண்டை மணந்தவள். மனத்துக்கு இசையாத மணம் என்று படம் உணர்த்தி, அத்துடன் அதை முடித்துக்கொள்கிறது. கத்தோலிக்கராகிய நாம் அப்படி முடித்துக்கொள்ள இயலாது. வற்புறுத்தலாலோ பாரதூரமான அச்சத்தாலோ செய்யப்பட்ட திருமணம் செல்லாது என்பது திருச்சபைச் சட்டம். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் அதை உறுதிப்படுத்துகிறது. அது உண்மையிலேயே அவ்வாறு நடந்ததா என்பதை விசாரித்து அறிய வேண்டியவர்கள் துப்பாக்கி ஏந்திய நால்வர் அல்லர். காதல் என்ற ஒன்றே எல்லாவற்றையும் நியாயப்படுத்தும் என்ற எண்ணத்தை இளைஞர்கள் இப்படத்திலிருந்து எடுத்துச் செல்ல வேண்டாம். ஆனால் ஒன்று நிச்சயம். அந்த மணம் செல்லுபடியாகட்டும், ஆகாது போகட்டும். மனைவியைக் கூலிக்கு ஆள் வைத்துக் கட்டி இழுத்து வரும் உரிமை எந்தக் கணவனுக்கும் இல்லை. மனைவி ஆடு மாடு அல்லள். நம் வீடுகளில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நான் எண்ணியதுண்டு. குருத்துவப் பணியில் ஆண்டுகள் கழியக் கழிய, சொல்லத்தான் வேண்டும் என்று கண்டுகொண்டேன்.

இரண்டாவது, இறந்தவர்கள். நால்வரின் மனமாற்றம் நிகழ்வதற்குள் எத்தனை மெக்சிக்கர் மடிகிறார்கள்! பலருக்குப் படத்திற் பெயரும் இல்லை. சிகீற்றா என்ற போராளிப் பெண், ஒரு காலத்தில் டொல்வேத்துக்கு நெருங்கியவள், அவன் கையிலேயே உயிர் விடுகிறாள். இறுதியில் அவர்கள் செய்த நற்செயல், இந்த உயிர்களைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. உண்மை தெரிந்த அந்த இரவிலேயே அவளை விட்டுத் திரும்பியிருந்தால் இவர்களிற் பலர் பிழைத்திருப்பர்.

இன்னும் ஒரு படி பின்னே செல்லுங்கள். ஃபார்டனுக்கும் டொல்வேத்துக்கும் றாசாவைத் தெரியும். அவனோடு உண்டு, உறங்கி, போரிட்டவர்கள். பெண்ணைக் கடத்திப் பணம் பறிப்பவனா அவன்? அந்த ஐயம் தொடக்கத்திலேயே அவர்களுக்கு எழாமலில்லை. எழுந்தது, 10,000 டொலர் அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடியது. செய்யப்போகும் காரியம் சரியா பிழையா என்ற ஐயம் தீராதிருக்கும்போது அதைச் செய்யலாகாது, முதலில் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குக் குருமடத்திற் கற்பித்தார்கள். அன்று அதைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தேன். அதன் கனம் அன்று எனக்குத் தெரியாது.

மண்டப வாசலில்

அன்றிரவு நான் தம்பிக்குச் சொன்னது அக்குவினாசின் விடையைத்தான். தம்பி தலையாட்டினார். எல்லோரும் கலைந்து போகும்போது, வயது எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வாசலில் நின்றார். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, அங்கு நின்ற நாலைந்து பேருக்கும் கேட்கும்படியாகவே பேசினார். பெயர் சொல்லாமல் இதை எழுத அவரே சம்மதம் தந்தார்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் அவர் ஒரு நிறுவனத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். மாதந்தோறும் சாமான் வரும். கூடவே பற்றுச்சீட்டும் வரும். மூடைகளை எண்ணாமல், அவிழ்த்துப் பார்க்காமல், மேலிடம் சொன்னபடி ஒப்பமிட்டு வந்தார். ஒரு நாள் கணக்குப் பரிசோதனை நடந்தது. குறைந்த சாமானுக்குப் பொறுப்பென்று அவருக்குக் கீழே வேலை செய்த இளைஞர் ஒருவர் நிறுத்தப்பட்டார். இவர் வாய் திறக்கவில்லை. ஓய்வூதியம் வரும்வரை ஒழுங்காக வேலை செய்து, நல்ல பெயரோடு வெளியேறினார்.

"சுவாமி, எனக்கு ஒண்டும் தெரியாதெண்டுதான் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்தனான். ஆனா, தெரியாமல் இருக்கிறதுக்கு நான் எவ்வளவு கவனமா இருந்தனான் எண்டதை இண்டைக்குத்தான் யோசிச்சன்" என்றார்.

வாசகர்களே, அறநெறி நூல்களில் இதற்கு ஒரு பகுதி உண்டு. தெரியாமற் செய்த தவறு மன்னிக்கத்தக்கது; ஆனால் தெரிந்துகொள்ள விரும்பாமல் வேண்டுமென்றே வளர்த்துக்கொண்ட அறியாமை பொறுப்பைக் குறைப்பதில்லை என்று அக்குவினாஸ் தெளிவாக எழுதியிருக்கிறார். நான் படித்து ஒப்புவித்ததை இவர் வாழ்ந்து கண்டுபிடித்திருந்தார். என் விடையில் இல்லாத பாதியை அவர் தந்தார். கொடுத்த வாக்கை எப்போது விடலாம் என்பதை மட்டுமே நான் தம்பிக்கு விளக்கினேன். வாக்குக் கொடுக்குமுன் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல மறந்தேன்.

படத்தின் கதாநாயகர் ஏன் வயது போனவர்களாக இருக்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கணவாயின் இரு பக்கமும் பாறைக்குப் பின்னே கிடந்தபடி டொல்வேத்தும் றாசாவும் பேசிக்கொள்ளும் ஒரு கட்டம் வருகிறது. ஒருவரையொருவர் கொல்ல வந்த பழைய தோழர்கள், புரட்சியைப்பற்றிப் பேசுகிறார்கள். தொடக்கத்தில் அது தூய காதலைப் போல இருந்தது. பின்னர் அதன் குறைகள் தெரிந்தன. என்றாலும் நம்பிக்கை ஏதுமின்றி வாழ முடியாமையால் திரும்பத் திரும்ப அதனிடமே வருகிறோம் என்ற கருத்தில் றாசா பேசுகிறான். இளமையில் நாம் நம்பிய ஒன்று இருந்தது. இடையில் சம்பளம், குடும்பம், சோர்வு வந்து அதன்மேற் படிந்தன. முதுமையில் அந்தப் படிவு சிறிது விலகும். வாங்கிய கூலி செலவழிந்து போயிருக்கும். செய்தது மட்டும் கண்முன் நிற்கும். ஃபார்டனும் தோழரும் பாக்கியசாலிகள். திருத்திக்கொள்ள அவர்களுக்கு ஒரு வண்டியும், அதில் ஏற்றி அனுப்ப உயிருள்ள இருவரும் கிடைத்தார்கள். எல்லோருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை.

இப்பெரியவர் இப்போது அந்த இளைஞரைத் தேடிக்கொண்டிருக்கிறார். இளைஞர் என்கிறேன், அவருக்கும் இப்போது ஐம்பது கடந்திருக்கும். அவர் வெளிநாடு போய்விட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். பிறர் நற்பெயருக்குச் செய்த கேட்டை இயன்றவரை ஈடுசெய்தல் கடமை என்று நான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடிதம் எழுதி வைத்திருக்கிறார். விலாசந்தான் இல்லை.

கடைசியாக ஒரு சொல், பெற்றோருக்கு. மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி வீட்டுக்கு வந்தால் நாம் முதலிற் கேட்பது, சம்பளம் எவ்வளவு என்பதே. அயலவர் கேட்பதும் அதுவே. கேளுங்கள், குடும்பம் நடத்தப் பணம் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அத்துடன் இன்னும் இரண்டைக் கேளுங்கள். யாருக்கு வேலை செய்கிறாய், தம்பி? அவர்கள் உன்னை என்ன செய்யச் சொல்கிறார்கள்? இராச்சாப்பாட்டு வேளையில் தாயோ தகப்பனோ இதைக் கேட்கும் வீட்டிலிருந்து போகிற பிள்ளை, மூடையை அவிழ்த்துப் பார்த்த பின்னரே ஒப்பமிடுவான்.